கடல் அடைவதற்குள்

தாராவி, பம்பாய்
22-4-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சண்முகவடிவு எழுதுவது. நீயும் தோணியில் உள்ளவர்களும் சுகமாகத் தீவு போய்ச் சேர வேண்டும் என்று முத்தாரம்மனைக் கும்பிடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். அதை எழுத முடியவில்லை.

நம் தம்பி சுடலைக்குப் பெரியம்மை போட்டிருக்கிறது. நீ தோணி ஏறின அன்று அவன் உடம்பு சுட்டதே, வெயில் காய்ச்சல் என்று அம்மா சொன்னாளே, அது வெயில் காய்ச்சல் இல்லை. நீ போன மறுநாள் சாயங்காலம் நெற்றியில் முத்து தெரிந்தது. இப்போது உள்ளங்காலிலும் இருக்கிறது. வாய்க்குள் இருப்பதால் கஞ்சிகூட இறங்கவில்லை.

வெளியே தெரியக் கூடாது என்று அப்பா கண்டித்துச் சொல்லிவிட்டார். தெரிந்தால் முனிசிபாலிட்டி வண்டி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். நம் கடையில் ஒருவரும் உப்புகூட வாங்க மாட்டார்களாம். அம்மாவுக்கு இருக்கிற பயம் வேறு. "அம்மன் வந்து உக்காந்திருக்க வீடுட்டி. இங்கருந்து ஒரு துண்டுத் தாளு வெளிய போவக் கூடாது. நோயின்னு வாயத் தொறந்தியோ, அவளுக்குக் கோவம் வந்துரும்" என்கிறாள். வேப்பிலையைக்கூடக் கதவுக்கு உள்பக்கம்தான் செருகியிருக்கிறாள். எல்லோரும் தூங்கின பிறகு சிம்னியைச் சின்னதாக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அண்ணா, அன்று ராத்திரி முழுக்க சுடலை உன் நெஞ்சின் மேலேதான் படுத்துக் கிடந்தான். என் கையில் தடுப்பூசித் தழும்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிடித்துவைத்துக் குத்திவிட்டார்கள். ஊசி குத்துகிற டீக்காக்காரர் வரும்போதெல்லாம் நீ தோல் கிடங்குக்குள் ஓடி ஒளிந்தாய். உன் கையில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. கடல் காற்று குளிரும் என்று அம்மா உன்னிடம் ஒரு போர்வை கொடுத்தாளே, பழைய சேலையில் தைத்தது, அதுவரை சுடலை போர்த்திக் கிடந்தது அதுதான். அதை யாருக்கும் கொடுக்காதே. எரித்துவிடு.

பதிலை வீட்டுக்கு எழுதாதே. மாட்டுங்காவில் விசாலாக்ஷி டீச்சர் வீட்டு விலாசம் பின்பக்கம் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அவரிடம் இந்தி படிக்கப் போகிறேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் மறைக்காமல் எழுது.

தங்கை
வடிவு

*

முருகன் துணை

செறுதுருத்துத் தீவு
29-4-1967

அன்புள்ள அப்பா அவர்களுக்கு,

மகன் சுயம்பு வணங்கி எழுதுவது. முருகன் அருளால் நேற்று மத்தியானம் தீவு சேர்ந்தோம். வழியில் காற்று நன்றாகக் கொடுத்தது. முதலாளியின் அரிசி மூட்டையிலும் துணிக்கட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தத் தீவு முதலில் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. கடலுக்குள்ளிருந்து தென்னை ஓலை முளைத்த மாதிரி வரும். பிறகு சுற்றிலும் வெள்ளையாக அலை உடைவது தெரியும். அலைக்கடியில் பாறை மதில். அதில் ஒரு தோணி நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு வாசல். அது எங்கே என்று வெளியார் யாருக்கும் தெரியாது. நம் பாயைக் கண்டதும் குஞ்ஞிக்கோயா என்பவர் சின்னப் படகில் வந்து ஏறி, சுக்கானைத் தன் கையில் வாங்கி எங்களை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தார். போன வருஷமும் அவர்தான்.

கரையில் ஊரே நின்றது. பிள்ளைகள் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். "ஏல சுயம்பு, ஒனக்கு இங்கயே பொண்ணு பாத்துருவாவ போலுக்கே. கொப்பரையோட சேத்து அவளயும் ஏத்திருவோமா" என்று ஜோசப்ராஜ் தண்டல் கேலி செய்தார். தோணிக்குத் தலைவர் என்றாலும் அவருக்கு எப்போதும் விளையாட்டுத்தான்.

குஞ்ஞிக்கோயா வீட்டில்தான் சாப்பாடு. அவர் மகள் சைனப், எட்டு வயது இருக்கும், என்னை விட்டு நகருவதில்லை. அவள் தம்பி கைக்குழந்தை. ராத்திரி காற்றில் அது நடுங்கியது. அம்மா கொடுத்த போர்வையைக் கொடுத்துவிட்டேன். அம்மா கோபிக்க வேண்டாம்.

கொப்பரை காய்ந்ததும், கடல் அடைவதற்குள் புறப்பட்டுவிடுவோம். வைகாசி பிறந்தால் மழைக்காற்றில் கடல் அடைபட்டுவிடும்; இங்கே யாரும் பாய் விரிக்க மாட்டார்கள். உடம்பு சுகம். மூட்டை இறக்கினதாலோ என்னவோ இடுப்பு மட்டும் முறிகிற மாதிரி வலிக்கிறது.

சுடலைக்கு என் முத்தம்.

தங்கள் கீழ்ப்படிந்த மகன்
சுயம்பு

*

தாராவி
30-4-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன்னிடமிருந்து இன்னும் ஒரு வரியும் வரவில்லை.

சுடலை உயிரோடு இருக்கிறான். முகம் அடையாளம் தெரியவில்லை.

அம்மன் இருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாதல்லவா. அதிலேதான் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். குழாயடியில் பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் என்னிடம் கேட்டாள்: "என்னட்டி, ஒங்க வீட்டுலருந்து ஒரு வாரமா கடுகு வெடிக்கிற சத்தமே காணோம். அடுப்பு கெட்டுப்போச்சா, இல்ல ஆக்குற ஆளு கெட்டுப்போச்சா?" அம்மாவுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொன்னதும், "இப்பவே தாளி. தெரு முழுக்க மணக்கணும்" என்றார் அம்மாவிடம். அம்மா கரண்டியைத் தொடவில்லை. அப்பாவே எண்ணெயைக் காயவைத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கடுகைப் போட்டார். அம்மா சத்தம் வராமல் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மறுநாள் சுடலையின் வலது கண் திறக்கவில்லை. கடுகினால்தான் என்கிறாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை.

நேற்று டீக்காக்காரர்கள் நம் சந்துக்கு வந்தார்கள். அப்பா வெளியே பூட்டிவிட்டு, செம்பூரில் கல்யாணம், வீட்டில் ஒருவரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் கதவைத் தட்டினார்கள். உள்ளே இருட்டில் அம்மா சுடலையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்தப் புண் வாயை. நான் அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணா, உனக்குக் காய்ச்சல் கண்டால் மறைக்காதே. நாங்கள் இங்கே மறைக்கிறோம். ஆனால் இந்தச் சந்தில் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள். தீவில் ஊசி என்றால் என்னவென்றே தெரியாது என்று போன வருஷம் நீதான் சொன்னாய். அங்கே ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். தண்டலிடம் சொல். ஊராரிடம் சொல். எட்டி நின்று சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
வடிவு

*

செறுதுருத்துத் தீவு
4-5-1967

அன்புத் தங்கை வடிவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் முதல் கடிதம் மங்களூர் மண்டி வழியாக ஓடத்தில் முந்தாநாள் வந்தது. நான் சுகமாக இருப்பதாகவே அப்பா அம்மா நினைத்துக்கொண்டிருக்கட்டும். உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் காய்ச்சல். இன்று காலையில் முகத்திலும் முன்கையிலும் அரிசி அரிசியாகப் புறப்பட்டிருக்கிறது. கொப்பரைக் கொட்டகையில் தனியாகப் படுத்துக்கொண்டு, வெயில் சூடு என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் பார்த்த உடனே குஞ்ஞிக்கோயா வீட்டு வாசலில் போய் நின்று அந்தப் போர்வையைக் கேட்டேன். குழந்தை அதன் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. "கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறது உங்கள் நாட்டு வழக்கமா, மோனே?" என்று சைனப்பின் அம்மா அவர்கள் பாஷையில் கேட்டாள். என் அம்மா கோபிப்பாள் என்றேன். குழந்தையைத் தூக்கிவிட்டு, போர்வையை மடித்து என் காலடியில் வைத்தாள். நான் அதைக் கரையில் போட்டு எரித்தேன். பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். தங்கள் குழந்தை படுத்ததால்தான் எரித்தேன் என்று ஊரெல்லாம் பேச்சு. இப்போது என்னை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

சைனப் மட்டும் வருகிறாள். கதவிடுக்கு வழியாக இளநீரை வைத்துவிட்டு, "வேதனையுண்டோ?" என்று கேட்கிறாள். போ என்று கத்துகிறேன். மறுபடியும் வருகிறாள்.

தண்டலிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். போகிற வழியில் அவர் சொன்ன கதை ஞாபகம் வந்துவிட்டது. தீவுக்கு எதிரே தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டு இருக்கிறது. ஒரு மரம் கிடையாது. அம்மை கண்டவனை அந்தக் காலத்தில் ஒரு குடம் தண்ணீரோடு அங்கே இறக்கிவிட்டுப் பாய் விரிப்பார்களாம். கொட்டகை வாசலில் உட்கார்ந்தால் அந்தத் திட்டு தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது வடிவு. இன்னும் நாலு நாள் பார்க்கிறேன்.

சுடலை எப்படி இருக்கிறான்?

அன்புடன்
அண்ணன்

*

தாராவி
11-5-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சுகமா என்று கேட்கக் கை வரவில்லை.

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. அப்பாவுக்கு எழுதினதை அவர் இரண்டு தடவை உரக்க வாசித்தார். ஊரே கரையில் நின்றது என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று. இடுப்பு வலிக்கு நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லி எழுதுமாறு அம்மா அவரிடம் சொன்னாள்; கடுகு தாளித்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. போர்வையைக் கொடுத்துவிட்டேன் என்ற இடத்தில் அம்மா மட்டும் எழுந்து கொல்லைப் பக்கம் போனாள்.

டீச்சர் வீட்டிலிருந்து உன் இன்னொரு கடிதத்தை வாங்கி ரயில்வே பாலத்தடியில் நின்று வாசித்தேன்.

நாலு நாள் பார்க்காதே அண்ணா. அந்தச் சின்னப் பிள்ளை வந்துகொண்டே இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்லாவிட்டால் அவள் வருவதை நிறுத்த மாட்டாள்.

இங்கே அம்மா சுடலைக்குத் தலைக்கு முதல் தண்ணீர் விட்டாள். பொருக்கு உதிர்கிறது. பிழைத்துவிட்டான். வலது கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது. பார்வதியம்மாளின் பேரனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். அவளும் இப்போது ஒன்றும் கேட்பதில்லை; அவள் வீட்டிலும் கடுகு வெடிக்கவில்லை.

உன்னைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அது சரியில்லை. நாளைக்கு டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். படித்தவர், பெரிய இடங்களில் தெரிந்தவர்கள் உண்டு. தீவுக்கு டாக்டர் அனுப்ப அவரால் முடியும். நீயும் சொல்லிவிடு. கடல் அடைவதற்குள் உதவி வர வேண்டும்.

உன் தங்கை
வடிவு

*

மாட்டுங்கா
14-5-1967

சிரஞ்சீவி சண்முகவடிவுக்கு விசாலாக்ஷி ஆசீர்வாதம். இங்கு யாவரும் க்ஷேமம்.

இதை உன் வகுப்பு அன்னத்தாயிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். ஒரு மாதமாக அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்துபோயிருக்கிறாய். உன் மேல் எனக்குக் கோபமில்லை. குழந்தை, உனக்கென்ன தெரியும். ஆனால் இனி நீ இங்கே வரவேண்டாம். உன் பேருக்கு வரும் கடிதங்களைத் திருப்பி அனுப்பும்படி தபால்காரனிடம் சொல்லிவிட்டேன்.

நீ பயப்படாதே. நீ சொன்னதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

நன்றாகப் படி.

இப்படிக்கு
விசாலாக்ஷி

*

தாராவி
17-5-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ எழுந்து நடமாட வேண்டும். அதைத் தவிர இப்போது வேறு எதையும் வேண்டிக்கொள்வதில்லை.

நான் சொல்லிவிட்டேன். டீச்சர் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து எழுதியிருந்தார். அதை வாசித்தபோதுதான், என்னைத் தவிர இதைச் சொல்ல உலகத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தது.

நேற்றுக் காலை டீக்காக்காரர்கள் அடுத்த சந்தில் இருந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு போய் அவர்களுடைய டாக்டர் முன்னால் நின்றேன். எங்கள் வீட்டில் என்பதற்கு, "ஹமாரா கர் மே" என்றேன். அதற்கு மேல் இந்தி வரவில்லை. எந்த வீடு என்று கேட்டார். கை காட்டினேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. கடைப் பலகையை ஒவ்வொன்றாகப் போட்டு மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். "ஒரு மாசமா ஊமையா இருந்தவ, இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கலாம்லாட்டி. பய பொழைச்சிட்டாம்லா" என்றார். பொருக்கு உதிர்ந்துவிட்டதால் சுடலையை விட்டுவிட்டு, பார்வதியம்மாளின் பேரனை வண்டியில் ஏற்றினார்கள். அவள் என்னைப் பார்த்து, "ஏ வடிவு, அன்னிக்கு ஒங்கப்பன் கடுகு பொரிச்சானே, அந்த மணத்துலயே எனக்குத் தெரியும்ட்டி. நானும் பேசாமத்தான கெடந்தேன்" என்றாள். திட்டினாளா, அழுதாளா என்று தெரியவில்லை.

டாக்டரிடம் தீவைப் பற்றிச் சொன்னேன். கடை வாசலில் ஒரு தமிழ் ஆளைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்ல வைத்தார். அவர் முகம் மாறினது. ஆபீசுக்குக் கூட்டிப்போய்த் தேசப்படத்தை விரித்தார். செறுதுருத்து அதில் இல்லை. மங்களூருக்குத் தந்தி கொடுத்திருக்கிறார். மழைக்கு முன்னால் ஏதாவது போகுமா என்று கேட்டேன். அவர் தேசப்படத்தை மடித்தார்.

என்னை நீ வெறுத்தாலும் பரவாயில்லை. பதில் போடு. இனி வீட்டு விலாசத்துக்கே போடலாம்.

வடிவு

*

சேசு மரி சூசை துணை

மங்களூர்
22-5-1967

மதிப்புக்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

தண்டல் ஜோசப்ராஜ் வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க ஆண்டவர் துணை செய்வாராக. எங்களைத் துறைமுகத்தில் கரையேற விடாமல் தோணியிலேயே வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஊசி குத்தியாயிற்று. அதனால்தான் எழுதத் தாமதம்.

எட்டாம் தேதி ஓடத்தில் உங்கள் மகளின் கடிதம் வந்தது. சுயம்பு அதை வாசித்துவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வந்தான். முகத்தில் துண்டு இல்லை. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பள்ளிவாசலிலிருந்து தொழுகை முடிந்து ஆட்கள் வருகிற நேரம். எட்டி நின்றபடியே, தனக்கு என்ன வந்திருக்கிறது, போர்வையை ஏன் எரித்தான் என்று எல்லாவற்றையும் சொன்னான். ஒருவரும் அவனை வையவில்லை. பிறகு அவனே மணல் திட்டைக் கை காட்டினான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

குஞ்ஞிக்கோயா தன் படகின் பின்னால் ஒரு சின்ன வள்ளத்தைக் கட்டி அதில் அவனை இழுத்துப் போய் இறக்கினார். நாலு கம்பும் ஓலையும் கொடுத்தோம். தினமும் காலையில் அவர் பாய் விரித்துப் போய்த் தண்ணீர்ப் பானையும் சாப்பாடும் கரையோரம் வைத்துவிட்டு வருவார். பழைய பானையை அவன் தண்ணீர் விளிம்புக்குக் கொண்டுவந்து வைத்திருப்பான்.

நாங்கள் பதினான்காம் தேதி புறப்பட்டோம். இருந்தால் கடலில் அகப்பட்டுக்கொள்வோம். அன்று குஞ்ஞிக்கோயாவின் மகளுக்கும் கைக்குழந்தைக்கும் காய்ச்சல். இன்னும் சில வீட்டுக் கதவுகள் அடைத்துக் கிடந்தன. ஆனாலும் அந்த மனுஷன் வந்து சுக்கானைப் பிடித்து எங்களை வாசல் தாண்டிக் கொண்டுவந்து விட்டார்.

திட்டைக் கடந்து வந்தோம். பானை விளிம்பில் இருந்தது. அது அவன் கொண்டுவந்து வைத்த பானையா, அவன் எடுக்காத பானையா என்று எனக்குத் தெரியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டோம். காற்று எதிரே இருந்தது.

பம்பாய்த் தந்தி கிடைத்து இங்கிருந்து சர்க்கார் லாஞ்சு ஒன்று புறப்பட்டது. அலை தாங்காமல் திரும்பிவிட்டது. உங்கள் மகளின் இரண்டு கடிதங்கள் மண்டியில் கிடக்கின்றன. ஆவணி பிறக்காமல் இனி ஒரு பாயும் விரியாது.

மன்னிக்க வேண்டும் அண்ணாச்சி.

ஜோசப்ராஜ்

*

தாராவி
11-6-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்கிறாயா?

இங்கே மழை பிடித்துவிட்டது. சந்தில் முழங்கால் தண்ணீர். இதைப் பகலில், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தண்டலின் கடிதம் வந்த அன்று அப்பாதான் வாசித்துக் காட்டினார். "சுயம்பு சுகம், மழை முடிஞ்சதும் வருவான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய கடிதத்தில் ஒரு வரியா என்று அம்மா கேட்கவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. நேற்று அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டபோது எடுத்து நான் வாசித்தேன். ஒரு நாள் முழுக்க என்னோடு வைத்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. இன்று காலையில் அம்மாவை உட்காரவைத்து முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தேன்.

அம்மா அழவில்லை. எழுந்து கூரை ஒழுகுகிற இடத்தில் சட்டியை நகர்த்தி வைத்தாள். பிறகு, "தாள எடுட்டி" என்றாள்.

"அம்மா, ஓடம் போவாதும்மா. மங்களூர்லயே கெடக்கும்."

"கெடக்கட்டும். நான் சொல்லச் சொல்ல எழுது."

எழுதுகிறேன். இனி அம்மா சொல்வது.

ஏல சுயம்பு. தண்ணிய எடுத்துக் குடிக்கியாய்யா. வெயில்ல தலைய மூடு. என்ன அரிச்சாலும் சொறியாத, கண்ணுல கைய வைக்காத. தம்பி ஒன்னத் தேடுதான். அப்பா ஒழுங்கா சாப்பிடல. நீ வந்தா சரியாயிரும். அன்னிக்கு அந்தப் போர்வைய நான்தான் ஒன் தோள்ல போட்டேன். நீ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்ன. அந்தச் சைனப் பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு? கைப்பிள்ள பால் குடிக்கா? அவுக அம்மாட்ட நான் கேட்டேன்னு சொல்லு. அவுகட்ட சொல்லு,

இதற்கு மேல் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "என்ன சொல்லணும்மா?" என்று கேட்டேன். என் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தாளில் இன்னும் இடம் இருக்கிறது.